அத்தானுக்கு மாலை போட்ட டிவிடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் அத்தான் இறந்துபோனதற்குத் துக்கம் விசாரிக்க ஒரு பெரியவர் வந்தார். அத்தான்தான் அவரை உள்ளே வரச் சொன்னார்.

அத்தான் என்றால் என் சரோஜா அக்காவின் கணவர் சேகரன். கொச்சியில், பள்ளுருத்தியில் வீடு. இடது கால் ஒடிந்து, ஆபரேஷன் முடிந்து, வாசல் அறைக் கட்டிலில் படுத்திருந்தார். மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பஸ் பிடித்துப் போய் அவருக்குப் பேச்சுத்துணையாக இருப்பது வழக்கம். அன்றும் போயிருந்தேன்.

வந்தவர் அக்கா மகள் பிந்துவின் மாமியார் வீட்டு மனிதர். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கல்யாணச் சமயத்தில் மகனோடு பம்பாயில் இருந்ததால் எங்களை அவர் நேரில் பார்த்ததில்லை. கையில் ஒன்றும் இல்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் நாலு ஆரஞ்சாவது கொண்டு வருவார். வெறுங்கையோடு வருகிறவர் எதற்கு வருவார்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"கல்யாண வீடு இப்படி ஆயிடுச்சே..." என்றார் பெரியவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து.

"விதி. பின்னே என்ன சொல்ல?" என்றார் அத்தான். கால் ஒடிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் அது.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"கஷ்டம்தான். இப்போ கொஞ்சம் சாரமில்லை, பரவாயில்லை."

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காரியமெல்லாம் என்னிக்கு வெச்சிருக்கு?" என்றார்.

"யாருக்கு காரியம்?"

"சேகரன் சம்பந்திக்கு..."

"நான்தான் சேகரன்," என்றார் அத்தான். "மாதவா, இவருக்கு ஒரு சாயா போடச் சொல்லு."

மூன்று வாரத் தாடியில் அத்தானைப் பெரியவருக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது உற்றுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அக்கா தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாகச் சமையலறையிலிருந்து வந்தாள். பெரியவர் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வேறு எங்கேதான் பார்ப்பார்?

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ," என்றார் கடைசியில். "கல்யாண டிவிடியிலே பாத்தேன். உங்க படம், சுத்திலும் மாலை, முன்னாடி விளக்கு... தாரை வார்த்ததும் தாய்மாமன். அதுக்கு மேலே யார்கிட்டே போய் என்னன்னு கேக்கறது?"

அத்தான் மெல்ல என் பக்கம் திரும்பினார். ஏனென்றால் அந்த டிவிடியைச் செய்தவன் நான். அந்தத் தாய்மாமனும் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். முப்பது வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், படகுத் துறையில், வாழை இலைக் கட்டோடு ஒரே ஒரு படி சறுக்கினார். தொடை எலும்பு போயிற்று. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்றோம்; கூடாது என்றார். மண்டபத்துக்கு ஸ்ட்ரெச்சரிலாவது கொண்டு போங்கள் என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் கூடாது என்றார்.

தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக நிற்க வேண்டும் என்பார்கள். ஆகவே நானும் என் மனைவியும் நின்றோம். அக்கா தூணோரம் தனியாக நின்றாள். மணமேடையில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அத்தானுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

ஸ்டூடியோக்காரரிடம் டிவிடி போடச் சொன்னால் இரண்டு மாதம் ஆகும் என்றார். பிந்துவும் மாப்பிள்ளையும் மஸ்கட்டுக்குப் புறப்பட ஒரு மாதம்தான் இருந்தது. என்னிடமோ இந்தப் பத்தியை டைப் செய்வதற்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் டிவிடி ரைட்டர் இருக்கிறது. ரைட்டரோடு ஒரு சாஃப்ட்வேர் இலவசமாக வந்திருக்கிறது. அவர் படம் பிடித்த கேசட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு எழுத்தாளனுக்கு ரைட்டர் என்ன பெரிய விஷயம் என்று ஓர் எண்ணம்.

'புது ப்ராஜெக்ட்' என்று அழுத்தியதும் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. ரேஷன் கார்டு வாங்கும்போதுகூட இத்தனை கேள்விகளுக்கு நான் பதில் சொன்னதில்லை.

டிவி எந்த முறை — பிஏஎல்லா, என்டிஎஸ்சியா? விசாரித்தேன். கொச்சியும் மஸ்கட்டும் ஒரே முறைதானாம். நிம்மதி.

படம் பழைய வடிவமா, அகலத்திரையா? அகலம் என்று போட்டேன். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் குண்டானார்கள். உறவு முறிந்துவிடும் என்று பழைய வடிவத்துக்கே திரும்பினேன்.

டிவிடி தட்டில் இடம் இவ்வளவுதான். கல்யாணமோ மூன்றரை மணி நேரம். தரத்தைக் குறை, அல்லது கல்யாணத்தைக் குறை என்றது. யாரை வெட்டுவது? மாப்பிள்ளையின் சித்தப்பாவை வெட்டினால் நான் திருப்பூணித்துறைப் பக்கம் போக முடியாது. என் சித்தப்பாவை வெட்டினால் மட்டாஞ்சேரியில் இருக்க முடியாது. தரத்தைக் குறைத்தேன். வேகமாக நடப்பவர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறினார்கள். நல்லவேளை, எங்கள் குடும்பத்தில் வேகமாக நடப்பவர்கள் குறைவு.

கல்யாணம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் — நிறுத்தவா, மெனுவுக்குத் திரும்பவா, மறுபடி முதலிலிருந்து தொடங்கவா? என் கல்யாணத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடைசியாக மெனு. அதாவது தட்டைப் போட்டதும் திரையில் வந்து நிற்கும் முகப்பு. அத்தான் கல்யாணத்தில் இல்லை. முகப்பிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தானே? அவருடைய பழைய ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து ஒரு படம் எடுத்தேன். சிரிக்காத படம். சாஃப்ட்வேரில் பூ வைத்த சட்டங்கள் நிறைய இருந்தன. இருப்பதில் அழகான ரோஜாச் சட்டத்தை அவரைச் சுற்றி மாட்டினேன். கீழே ஒரு மெழுகுவத்தி அசைந்து அசைந்து எரிந்தது. நம் வழக்கத்துக்கு அது ஒத்துவராதே என்று நானே அதை எடுத்துவிட்டு, மண்டபத்துக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தேன். 'அப்பாவின் ஆசிகளுடன்' என்று எழுதினேன். பின்னணிக்கு மெதுவான புல்லாங்குழல்.

கண்கள் கலங்கின. என் வேலையை நானே பார்த்துக் கலங்குவது எனக்குப் பழக்கம்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு, கீழே ஆசி. இது என்னவென்று எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்தச் சாஃப்ட்வேர் ஆயிரம் கேள்வி கேட்டது — ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பிரதி சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மரியாதை. அதனால் திருப்பூணித்துறைக்குத்தான் முதலில் போயிற்று. அங்கே யாரும் பார்க்குமுன் பெரியப்பா வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் தனியாகப் பார்த்திருக்கிறார். அக்கா வீட்டில் டிவிடி பிளேயர் இல்லாததால் அத்தான் இன்னும் பார்க்கவில்லை.

பெரியவர் சாயா குடித்து, அத்தானின் காலைப் பற்றி முறைப்படி விசாரித்து, போனார். அத்தான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உனக்க பிளேயரைக் கொண்டு வா. எனக்கும் பாக்கணும், நான் செத்துக் கிடக்கறதை."

கொண்டு போனேன். முகப்பு வந்தது. அக்கா "எடா பாவி!" என்று தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தான் மட்டும் சிரித்தார். "ரோஜாப்பூ கொள்ளாம், நல்லா இருக்கு," என்றார்.

பிறகு கல்யாணம் ஓடியது. அத்தான் எழுந்து உட்காரவும் முடியாமல், தலையணையை உயர்த்தி வைத்து, மூன்றரை மணி நேரமும் பார்த்தார். தாரை வார்க்கும் இடத்தில் நான் பாத்ரூம் போகலாமா என்று யோசித்தேன். அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்தது. படம் மெனுவுக்குத் திரும்பி, விளக்கு மறுபடி எரிய ஆரம்பித்தது.

"கல்யாணம் நல்லா நடந்திருக்கு மாதவா. ஒரு குறையும் இல்லை." திரையிலிருந்த தன் படத்தைப் பார்த்தார். "நான் செத்துருந்தாலும் இதே மாதிரித்தான் நடந்திருக்கும், இல்லியா? நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பொறந்து இதைப் பாத்தா, தாத்தா கல்யாணத்துக்கு முந்தியே போயிட்டாருன்னுதானே நெனைக்கும்? அதுக்கு உன்னை எதுக்குக் குத்தம் சொல்லணும்... நான் அங்கே இல்லை. அதானே சத்தியம்."

இருபத்தாறு வருஷம் வளர்த்த மகள். அவள் கல்யாணத்தில் ஒரு நிமிஷம்கூட இவர் இல்லை. அதை மூன்றரை மணி நேரத்துக்கு நீட்டிக் காட்டியவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. மாலையை எடுத்துவிடலாம், விளக்கை அணைத்துவிடலாம். ஆளை எப்படிக் கொண்டு வருவது?

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸ் பக்கத்தை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை உதவிக் குறிப்பை ஒழுங்காகப் படித்தேன். 'ஃபர்ஸ்ட் ப்ளே' என்று ஒன்று இருந்தது. கடையில் வாங்கும் டிவிடியைப் போட்டதும், நகல் எடுத்தால் சட்டப்படி குற்றம் என்று ஒரு மிரட்டல் வருமே? ரிமோட்டை எப்படி அழுத்தினாலும் நகராதே? அந்த இடம்தான். மெனுவுக்கும் முன்னால் அது ஓடும். வேண்டுமானால் ரிமோட்டைப் பூட்டியும் வைக்கலாம். முழுக்கப் பார்த்தே தீர வேண்டும்.

புதன்கிழமை ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அத்தான் அலமாரியைக் காட்டினார். கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுச் சட்டையும் ஜரிகை வேட்டியும் கவர் பிரிக்காமல் இருந்தன. தாடியை எடுத்தோம். அக்கா தலை வாரிவிட்டாள். நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் மூவருக்கும் வியர்த்துவிட்டது. வலியில் அவர் முகம் வெளுத்தது; ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் தடவை, தன் பெயர், தகப்பனார் பெயர், முழு விலாசம் எல்லாம் சொன்னார். "அத்தான், இது கோர்ட் இல்லை," என்றேன். இரண்டாம் தடவை கேமராவைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "நீ எதுக்கு அங்க நிக்கறே? இங்க வா," என்றார். அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றதும் சரளமாகிவிட்டார்.

"மோளே, பிந்து. அப்பாவுக்குக் காலுதான் ஒடிஞ்சுது, வேற ஒண்ணும் இல்லை. மாப்பிள்ளை, அவளுக்குக் காலைல சாயா கிடைக்கலைன்னா தேஷ்யம் வரும், கோவிச்சுப்பா, கேட்டேளா. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

அக்கா தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அட்சதையைத் தூவினார்கள். எங்கே? நேராகக் கேமராவின் மேல். கண்ணாடியில் அரிசி பட்டுத் தெறித்தது. இரவல் கேமரா... நான் அசையவில்லை.

முகப்பிலிருந்து மாலையையும் விளக்கையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு நிமிஷத்தை ஃபர்ஸ்ட் ப்ளேயில் வைத்தேன். ரிமோட்டைப் பூட்டினேன். தரம் மட்டும் ஒரு துளி குறைக்கவில்லை. பழைய பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கி உடைத்துப் போட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் புதிய தட்டைப் பிந்துவின் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விமானம்.

போன ஞாயிறு, நான் பள்ளுருத்தியில் இருந்தபோது மஸ்கட்டிலிருந்து போன். அக்கா பேசி முடித்து என்னிடம் கொடுத்தாள்.

"மாமா, அந்த சிடி போட்டா முதல்ல அப்பாதான் வர்றார். ஸ்கிப் பண்ணவே ஒக்கலை."

"அது ஒரு செட்டிங் மோளே. வேணும்னா மாத்தி வேற அனுப்பறேன்..."

"அய்யோ, வேண்டாம்!" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்பாவும் அம்மாவும் அரிசி போடறப்போ நாங்க டிவி முன்னாடி தலையைக் குனிஞ்சு நிப்போம் மாமா. தினமும். அப்புறம் ஆஃப் பண்ணிடுவேன். கல்யாணத்தை இன்னும் பாக்கலை."

போனை வைத்துவிட்டு அத்தானிடம் அப்படியே சொன்னேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"அரிசி அவளுக்குக் கண்ணுல ஒண்ணும் படலியே?"