இறால் குளத்து ட்ரிப் சுவிட்ச்

நெல் வயல்களை உப்புக் குளங்களாக வெட்டி இறால் வளர்க்கக் கிளம்பிய காலம் அது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே அப்படி ஒரு பண்ணையில் நான் வயர்மேன். வலங்கைமான் பக்கத்து ஆள். கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கரண்ட் மட்டும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன் என்பதால் எனக்கு மன்னிப்பே கிடையாது.

குளத்தில் ஓயாமல் ஏரேட்டர் சக்கரங்கள் சுற்றும். அவை நின்றால் காற்று இல்லாமல் இறால் செத்து மிதக்கும். தண்ணீரில் கரண்ட் கசிந்தால் தானே விழுந்து சப்ளையை நிறுத்த ஒரு ட்ரிப் சுவிட்ச் உண்டு. அந்தச் சனியன் ஒரு வாரமாக விழுந்துகொண்டே இருந்தது. உப்பு அரித்த கேபிளை மாற்றச் சொன்னேன்.

"அறுவடை முடியட்டும்யா. இப்ப சக்கரம் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். சிங்கப்பூரில் இருக்கும் தன் மச்சானிடம் என்னை வேலைக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்த மனுஷன். சுவிட்சைத் தாண்டி நேராக ஒரு வயரைக் கொடுத்தேன். கரண்ட் கசிந்தாலும் பிறகு சக்கரம் நிற்கவே இல்லை.

நான்காம் நாள், தீவனத் தட்டைத் தூக்கிப் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கும் மீனவக் குடும்பத்து அக்கா ஒருவர் காலைத் தேய்த்துக்கொண்டே கரையேறினார். "சக்கரத்துக்கிட்ட போனா தண்ணி சுர்ருனு கடிக்குது தம்பி."

"சொறிமீன் கெடக்கும்க்கா. கடத்தண்ணிதானே பாய்ச்சுறாங்க" என்றாள் கூட வேலை செய்தவள். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டு எரிவது அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். தண்ணீர் கடித்தால் அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள்.

சொறி பட்டால் தோல் தடித்துச் சிவக்கும். அவர்கள் கைகளிலேயே பார்த்திருக்கிறேன். அக்காவின் காலில் ஒரு தடிப்பும் இல்லை. கசியும் கரண்ட்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "சொறிதானே தம்பி?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். இந்த வாய் அழுகிப் போக.

அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அந்த வயரைப் பிடுங்கி எறிந்தேன். சுவிட்ச் படாரென்று விழுந்தது, சக்கரங்கள் நின்றன. மேனேஜர் ஓடிவந்தார். காரணத்தைச் சொன்னேன். "பெரிய இன்ஜினீயரு இவரு! வெளிய போடா" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் பின்னால் சக்கரங்கள் சுற்றும் சத்தம் கேட்டது. கேபிளை மாற்ற அரை நாளாவது ஆகும். வயரை எவனோ திரும்பக் கொடுத்துவிட்டான்.

வேலியோரமாக ஓடினேன். அக்கா கரையில் நின்றிருந்தார். "எறங்காதீங்கக்கா! சொறி இல்ல, கரண்ட்டு!"

"வேலை போச்சேங்கிற வயித்தெரிச்சல்ல எங்க பொழப்பையும் கெடுக்காத தம்பி. போ." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

வயரைக் கொடுத்ததே நான்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், ஏரேட்டரின் இரும்புச் சட்டத்தைப் பிடித்த கை பிடித்தபடியே செத்துக் கிடந்த அக்காவை எடுத்தார்களாம். மாரடைப்பு என்று பண்ணையில் சொன்னார்களாம். அவர் வீட்டுக்காரரும் நம்பிவிட்டாராம். வலங்கைமானில் வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். அவரிடம் போய் நான் எதையும் சொல்லவில்லை.