இடது பக்கம் போன சாவி

எங்கள் மதினி வள்ளித்தாய் வேன் ஓட்டும் அழகைப் பார்க்க வேண்டுமானால், ஓட்டும்போது பார்க்கக் கூடாது. நிறுத்தும்போது பார்க்க வேண்டும். விஸ்வநத்தத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் பட்டாசுக் கம்பெனிக்குப் போவார். கேட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் வேன் நிற்பதும் இன்ஜின் அணைவதும் ஒன்றாகவே நடக்கும். மதினி பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, யாரையாவது வைதுகொண்டிருந்தாலும் சரி, வலது கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிடும். அதன் பிறகுதான் பெண்கள் இறங்குவார்கள். செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கேட்டில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போவார்கள்.

போன சீசனில் ஒரு நாள் லோடு வந்த சாக்கு ஒன்று கிழிந்து, கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் வெடிமருந்துத் தூள் கோடு போட்டதுபோலக் கொட்டிக் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. மதினி வேனை நிறுத்திச் சாவியைத் திருப்பிய பிறகுதான் வாட்ச்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வண்டிக்கு அடியிலும் தூள் கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பொறி போதும். வேன் முழுக்க ஆட்கள். மதினி பெண்களை வேறு பக்கமாக இறங்கச் சொல்லி, வேனைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். நானாக இருந்திருந்தால் சாக்கு கொண்டுவந்தவனைத் தேடிப்போய் அடித்திருப்பேன்.

நான் அவருடைய கொழுந்தன், பெயர் ஊர்க்காவலன். திருத்தங்கல்லில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்து டிரைவர்கள் பாதிப் பேரையாவது நான் திட்டியிருப்பேன். மதினியைத் திட்ட எனக்கு வாய்த்தது ஒரே ஒரு விஷயம்தான். அது ஒரு பழைய கார்.

மதினி பிறந்தது நாரணாபுரம். கல்யாணமாகி விஸ்வநத்தம் வந்ததும் அண்ணன் மாரிக்கண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலேயே சேர்ந்தார். அண்ணனுக்கு மருந்து கலக்கும் அறையில் வேலை, மதினிக்கு வெற்று வெடிக் குழாய்களை வளையத்தில் செலுத்தி அடுக்கும் வேலை. ஒரு நாள் சாயங்காலம் லோடு வேனின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, கருநீலக் கார் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. தாண்டும்போது வாய்க்குள்ளேயே விசில் அடிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்டதாம். மற்ற பெண்கள் புழுதிக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். மதினி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "நான் டிரைவிங் படிக்கப் போறேன்" என்றார். அண்ணன், "படி" என்றார். எங்கள் அண்ணனைப் பொறுத்தவரை அது கொஞ்சம் நீளமான பேச்சுதான்.

தெருவே சிரித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் வேறு, ஸ்கூட்டி போதாதா என்று கேட்டிருக்கிறார். மதினி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. முதலில் கார் லைசென்ஸ், பிறகு பேட்ஜ், பிறகு கம்பெனியின் பழைய வேன். இன்றைக்கு அவர் ஒரு நாள் லீவு போட்டால், வேறு டிரைவர் வண்டியில் ஏற மாட்டோம் என்று நான்கைந்து பெண்களாவது பஸ்ஸுக்கு நடந்து போய்விடுகிறார்கள். இவ்வளவுக்கும் காரணம் அந்தக் கருநீலக் கார். அதை மதினி ஒருநாளும் மறக்கவில்லை. அது யாரிடம் இருக்கிறது, எங்கே நிற்கிறது என்று சொந்தக்காரப் பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காரின் ஜாதகம் எனக்கும் தெரியும். அதைச் செய்த கம்பெனி நம் நாட்டில் கடையைக் கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டியில் டர்போ என்று ஒரு சாமான் உண்டு. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், அது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின்போல இழுக்கும். விசில் சத்தமும் அதிலிருந்து வருவதுதான். முதலில் வாங்கியவர் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர். டர்போ போய்விட்டது, விற்றார். அடுத்தவர் பட்டாசு லோடு ஏற்றும் ஏஜெண்ட். அவரிடமும் போனது. மூன்றாவது ஆள் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர், அவரிடமும் அதே கதை. ராசி இல்லாத வண்டி என்று பெயராகி, கடைசியில் அந்த மூன்றாவது ஆளின் மாமனார் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பருப்பு மில்லில், விருதுநகரில், தார்ப்பாய்க்கு அடியில் போய் ஒதுங்கியது.

சித்திரை முடிந்த சமயம் மதினி என் ஷெட்டுக்கு வந்தார்.

"கொளுந்தனாரே, அண்ணாச்சி அந்தக் காரப் பளைய இரும்புக்குப் போடப் போறாகளாம். நாளைக்குச் சாயங்காலம் லாரி வருதாம். ஒரு எட்டு வாறீகளா, பாத்துட்டு வருவோம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மதினி, மூணு பேரு வச்சுக் கைகழுவுன சனியன நாலாவதா நம்ம எதுக்கு வாங்கணும்? வீட்டுக் கூரைக்குன்னு வச்சிருந்த சீட்டுப் பணத்தையா இதுல போடப் போறீக?"

"வாங்குறேன்னு சொன்னனா? பாப்போம்னுதான சொன்னேன். நீங்க ஸ்பேனர எடுத்துக்கிட்டு வாங்க."

இரும்பு லாரி வந்துவிட்டால் அந்தக் கார் துண்டு துண்டாகிவிடும். அது இனிமேல் மதினி காதில் விசிலடிக்காது. அவர் முகத்தைப் பார்த்தால் அதுதான் தெரிந்தது. திட்டிக்கொண்டே கிளம்பினேன். விருதுநகரில் ராம்குமார் என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருக்கிறான், டர்போ வண்டிகளில் கைதேர்ந்தவன். அவனையும் மில்லுக்கு வரச் சொன்னேன்.

அண்ணாச்சி ஒளிவுமறைவு இல்லாதவர். "வாம்மா. வண்டி நல்ல வண்டிதான். ஆனா யாருக்கும் கைகூடல. அதையும் சொல்லிட்டுத்தான் குடுப்பேன்" என்றார்.

ராம்குமார் பானெட்டைத் தூக்கி, குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அந்தச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். கருகிய எண்ணெய் விரலில் ஒட்டி வந்தது.

"அக்கா, இந்தச் சக்கரம் ஓட்டத்துல நெருப்பாச் சுடும். இன்ஜின் ஓடுனாத்தான் ஆயில் வந்து அதக் குளுர வைக்கும். வேகமா வந்து நிறுத்துன ஒடனே ஆஃப் பண்ணிட்டா, ஆயில் அங்கனயே நின்னு கருகிப்போவும். ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு அப்புறந்தான் சாவியத் திருப்பணும். இத வச்சிருந்தவுக யாரும் அப்படிச் செய்யல போல."

மதினி அந்தக் கருப்பு எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எப்பிடிச் செய்வாக? மூணு பேரும் நம்ம ஊரு ஆளுக. கம்பெனி கேட்டப் பாத்ததும் ஆஃப் பண்ணிருப்பாக. வீட்டு வாசல்லயும் அதே கைதான. வண்டிக்கு ராசி இல்லன்னு சொன்னாகளே, பாவம்."

எத்தனை பேர் எத்தனை வருஷமாகச் சாபம் கொடுத்த கார். ஒருவருக்காவது இது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லை, நான் வண்டி வேலை பார்க்கிறவன். அந்த இடத்தில் எனக்கு மதினி மேல் ஒரே பெருமை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

டர்போ முழுதாகச் சாகவில்லை, புகை கக்கினாலும் ஒரு சுற்றுக்குத் தாங்கும் என்றான் ராம்குமார். வேறு பேட்டரி கட்டி வண்டியைக் கிளப்பினோம். மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில், ராம்குமார் பின்னால். சாத்தூர் போகிற நாலுவழிச் சாலையில் ஏறியதும் மெதுவாக அழுத்தினார். கொஞ்ச தூரம் சாதாரண வண்டி போலப் போனது. பிறகு அந்த விசில் கேட்டது, என் முதுகு சீட்டோடு ஒட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மதினி கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அந்தச் சாயங்காலம் இத்தனை வருஷம் கழித்து அவர் கைக்கு வந்திருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் ராம்குமார் சொல்லிக்கொண்டே வந்தான். "அக்கா, நிறுத்துனதும் ஆஃப் பண்ணிராதீக. மறந்துராதீக." மதினியும் தலையாட்டிக்கொண்டே வந்தார். மில் வாசலில் வண்டி நின்றது. வலது கை போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது.

மதினி தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"பரவால்லக்கா" என்றான் ராம்குமார். "ஒரு மாசம் ஓட்டுங்க, கை பளகிரும்."

"பளகிரும்னுதான்யா பயமா இருக்கு" என்றார் மதினி.

எனக்குப் புரியவில்லை. அவர் இறங்கி, கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சொன்னார். "இது ரெண்டு கையில்ல கொளுந்தனாரே. இங்கன காத்துக்கிட்டு நிக்கப் பளகுன கை, அங்கன வேப்பமரத்தடியிலயும் காத்துக்கிட்டு நிக்கும். தெனமும் நிக்காது. என்னைக்காவது ஒரு நாள் நிக்கும். எனக்கு இது வேண்டாம்."

அண்ணாச்சியிடம் போய், "போட்டுருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். வாங்கக் கூடாது என்று அவ்வளவு கத்திய எனக்கே, அவர் வேண்டாம் என்றதும் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது.

அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நடந்ததை நான்தான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். மனுஷன் கல்லா என்று மனசுக்குள் வைதேன்.

மறுநாள் நடுப்பகல். மருந்து வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும், அண்ணன் குளித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து என் ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவர் அங்கே வருவது பொங்கலுக்கு ஒரு தடவைதான்.

"ஏலே, காருச் சாவி வலது பக்கந்தான் இருக்கணும்னு சட்டமா?"

"என்ன கேக்கீக?"

"இடது பக்கம் மாத்தி வைக்க முடியுமா? பக்கத்துல உக்காந்து வாறவன் கைக்கு எட்டுற மாதிரி. பளைய எடத்துலயும் ஒரு சாவி இருக்கட்டும், சும்மாவாச்சும். அவ கை பாட்டுக்குத் திருப்பிக்கிடட்டும். நெசச் சாவிய நான் பாத்துக்கிடுதேன்."

நான் வயரிங் வேலைக்காரன். ஸ்டியரிங் பூட்டைக் கழற்றிவிட்டு, சாவித் துவாரத்துக்குப் போகும் வயரை இடது பக்கம் இழுத்து இன்னொரு சாவி வைப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் வருஷம் முழுக்க மருந்து அறையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷனுக்கு இது எப்படித் தோன்றியது என்றுதான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு நேரே வேப்பமரத்துக்குப் பறந்தேன். மரத்துக்கு வெகுமுன்பே வண்டியை அணைத்துவிட்டு நடந்தோம். மதினி சாயங்கால ட்ரிப்புக்காக வேனில் காத்திருந்தார்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் கார எடுக்கும்போதெல்லாம் காலம் பூரா பக்கத்துலயே உக்காந்திருப்பீகளாக்கும்?"

"வேற எங்கன போகப் போறேன்."

"நீங்க வராத அன்னைக்கு?"

"அன்னைக்குக் கார் வேண்டாம்."

மதினி சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணாச்சிக்குப் போன் போடுங்க கொளுந்தனாரே" என்றார்.

நான் போட்டேன். லாரி மில் வாசலில் நிற்கிறது என்றார் அண்ணாச்சி. "அவனத் திருப்பி அனுப்புங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி அனுப்பிவிட்டார்.

ராம்குமார் டர்போவுக்கு உள்சாமான் மாற்றினான். நான் சாவியை இடது பக்கம் கொண்டுபோனேன். கூரை வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது, ஒழுகும் இடத்தில் அண்ணன் தார்ப்பாய் கட்டினார், காரை மூடியிருந்த அதே தார்ப்பாய். கார் என் ஷெட்டில்தான் நிற்கிறது. விஸ்வநத்தம் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது என்பது மதினி உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வருவார்கள். அண்ணன் இடது பக்கம் ஏறிச் சாவியைத் திருப்புவார், மதினி ஓட்டுவார். சாத்தூர் வரை போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். நிறுத்தியதும் மதினியின் கை வலது பக்கத்துப் பொம்மைச் சாவியைத் திருப்பும். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மதினி இறங்கிக் கடைக்குப் போய்விடுவார். அண்ணன் மட்டும் காரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, இரண்டு நிமிஷம் கழித்து அணைத்துவிட்டு வருவார். காப்பி ஆறாமல் இருக்க மதினி டம்ளரை மூடி வைத்திருப்பார்.

இருந்தாலும் எனக்கு மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகள் பல கடந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மதினி கேள்வி கேட்கவில்லை. பெண்களிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். வேப்பமரம் வந்தது. நான் அவர் கையையே பார்த்தேன். சக்கரம் நின்றபோது இன்ஜினும் நின்றிருந்தது, கை அதற்குள் ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட்டது, கதை பாதியில்கூட நிற்கவில்லை.

பெண்கள் இறங்கி, போனைக் கொடுத்துவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆளும் போன பிறகுதான் மதினி என் பக்கம் திரும்பினார்.

"பரீட்சை முடிஞ்சிருச்சா கொளுந்தனாரே? எறங்குங்க, டீ குடிப்போம்."