கையைப் பின்னால் கட்டி நடப்பவர்

மேலே ஈரத்துணியை விரித்து, மிதமான சூட்டில், ஒவ்வொரு டையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் லெஸ்டர் ஹேவர்காம்ப். ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலுக்குக் கீழே எங்கள் கிறிஸ்டோபர் தெரு காலையிலேயே இரைந்துகொண்டிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு டைகள். ஒன்றுகூட அவர் கட்டிக்கொள்ள அல்ல.

ஐந்து ஆண்டுகளாக, சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி, அவரும் எதிர் வீட்டுக்காரியான நானும் இன்னும் சிலரும் பிலடெல்பியாவுக்குப் பஸ் ஏறிப் போவோம். ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் வேலையும் மரியாதையும் வேண்டும் என்று அட்டை பிடித்து வட்டமாக நடப்போம். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிய வேண்டும். ஒருவரையொருவர் தொடக் கூடாது. டை இல்லாமல் வந்தவரிடம் லெஸ்டர் தன் பெட்டியைத் திறப்பார். “கிறுக்கனுங்கன்னு எழுதத்தான் பேப்பர்காரன் காத்திருக்கான். கழுத்தைக் காட்டுப்பா.”

வேலை போவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவரை, ஒரு மொட்டைக் கடிதம் ஒரே மத்தியானத்தில் வெளியே அனுப்பியது. பன்னிரண்டு வருஷமாகச் சலவைக் கடையில் இஸ்திரி. “நல்ல வேலைதான். கசங்கினது கண்ணு முன்னாடியே நேராகுது” என்பார்.

சாண்ட்விச்சைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிடுவார். ரயிலில் முன்பின் தெரியாதவரின் காலர் மடங்கியிருந்தாலும் சரிசெய்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். பத்தொன்பது வருஷமாகக் கூட வாழும் ஆல்வினோடு வெளியே போகும்போது மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பார். நான் முதுகுவலி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“சும்மா விட்டா அது பாட்டுக்கு ஆல்வின் பக்கம் போயிடுது” என்றார்.

போன வருஷப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்புதான், எங்களைப் போன்றவர்கள் கூடும் எங்கள் தெரு மதுக்கடைக்குள் இரவில் போலீஸ் புகுந்தது. நம் பிள்ளைகள் ஓடாமல் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூட்டோடு பிலடெல்பியா வந்த இரண்டு பையன்கள், வரிசையில் கை கோத்துக்கொண்டார்கள். லெஸ்டர் நடுவில் போய், கோணல் டையை நேராக்குவது போல, மெதுவாகப் பிரித்துவிட்டார்.

“ஏன் பெரிசு, வீட்டுலயாவது பிடிப்பீங்களா?” என்றான் ஒருவன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை என்னிடம் நான்கு முறை சொன்னார்.

அந்தப் போலீஸ் இரவுக்கு இப்போது ஒரு வருஷம். இன்றைக்கு ஆறாவது அவென்யூ வழியாக சென்ட்ரல் பார்க் வரை ஊர்வலம். உடுப்பு விதி கிடையாது. கூப்பிடப் போனால், மனிதர் டைகளோடு நிற்கிறார்.

“யாருக்கு இதெல்லாம்? பசங்க சட்டையே இல்லாம வர்றாங்க.”

“யாராச்சும் கேட்டா?”

“ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, லெஸ்டர்.”

இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். டைகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தன் கழுத்துப் பொத்தானையும் கழற்றிவிட்டார்.

மேஜையில் ஆல்வின் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பள்ளியில் பூகோள வாத்தியார். நாளைய பேப்பரில் அவர் முகம் வந்தால் நாளையோடு அந்த வேலை போய்விடும். அதனால்தான் ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட லெஸ்டர் அவரைக் கூப்பிட்டதில்லை.

“ஆல், வர்றியா?”

ஆல்வின் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அதே பக்கத்தைத் திருப்பிப் புரட்டினார்.

“மாடிப்படியில மெதுவாத்தான் இறங்குவேன்” என்றார் லெஸ்டர்.

லெஸ்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டினார். பழக்கத்தில் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. வலது கை மட்டும் போகவில்லை. உடம்பைவிட்டுச் சற்றுத் தள்ளி, விரல்கள் விரிந்தபடி, அவரோடு படியிறங்கியது.