ஆடிக்காற்றும் ஒரு கருப்புக் கம்பியும்

போன ஆடியில், பதினெட்டாம் பெருக்குக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகல், பச்சைமலையின் மேலே ஒரு மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் நடந்தது இது. நாளும் இடமும் சொல்லாமல் எதையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

என் பள்ளித்தோழர் ஒருவர் பாலக்கரைக்காரர். வளைகுடா நாட்டில் பல வருடங்கள் சுற்றுலாப் பயணிகளைப் பாலைவனக் கூடாரங்களுக்கு அழைத்துப்போகும் வண்டி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். ஒருவழியாக ஊரோடு வந்துவிட்டவர், இங்கேயும் அதே மாதிரி கூடாரம் போடலாமே என்று யோசித்தார். பச்சைமலையில் ஒரு விவசாயக் குடும்பத்திடம் கொஞ்சம் பட்டா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சேர்த்து வைத்ததையெல்லாம் அதில் போட்டார். வருகிறவர்கள் அரிசி பருப்பு கொண்டுவர வேண்டும். கூடாரம், பாத்திரம், விறகு எல்லாம் இவர் தருவார். அவரவர் சமையலை அவரவரே விறகடுப்பில் செய்துகொள்ளலாம். விளம்பரத்தில் இன்னொன்றும் போட்டிருந்தார்: தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு மூட்டிப் பாருங்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் என்னிடம் வந்தார்.

"டேய், நீதான் எதையும் படிச்சுத் தள்ளுற ஆளு. கூடாரத்துக்கு ஒண்ணுன்னு அந்த ஃபெரோ ராட நீயே பாத்து வாங்கிக் குடு. என்னை விட்டா நான் விலையத்தான் பாப்பேன்."

ஃபெரோ ராட் என்பது விரல் நீளத்துக்கு ஒரு கருப்புக் கம்பி. சிகரெட் லைட்டருக்குள் ஒரு சின்னக் கல் இருக்குமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான விளிம்புள்ள இரும்புத் தகட்டால் அழுத்திச் சுரண்டினால் பொறி பறக்கும். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். காற்று எவ்வளவு அடித்தாலும் பொறியை ஊதி அணைக்க முடியாது.

நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வாரக்கணக்கில் படித்தேன். தடிமன், நீளம், கைப்பிடி, உரசும் தகட்டின் விளிம்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். புதுக் கம்பியின் மேல் பூசியிருக்கும் கருப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுக்காவிட்டால் பொறியே வராது என்பதையும் தெரிந்துகொண்டேன். கடைசியில் இரண்டு வகை எதிரே நின்றன. ஒன்று மென்மையானது. பெரிய பெரிய பொறியாகக் கொட்டும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொன்று கடினமானது. பொறி சின்னதாக வரும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. புத்தகம் வாங்கினாலும் தையல் கட்டு பார்த்து வாங்குகிறவன் நான். கடினமானதையே வாங்கினேன். மெல்லிய கம்பி, வழவழப்பான மரக் கைப்பிடி, பார்க்கவே லட்சணம். பூச்சைச் சுரண்டிவிட்டு, இருட்டு வேண்டுமே என்று கே.கே. நகர் வீட்டுக் குளியலறைக்குள் போய் விளக்கை அணைத்து ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொறி வந்தது. "லைட்ட அணைச்சுட்டு உள்ள என்னதாங்க பண்றீங்க?" என்று வெளியிலிருந்து என் மனைவி கேட்டதும் நினைவிருக்கிறது. மொட்டை மாடியில் துணி காய்ந்ததால் நெருப்பு மூட்டிப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. பொறி வருகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் விருந்தாளிகள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார்கள். பதினெட்டாம் பெருக்குக்காகப் பிறந்த வீட்டில் கூடியிருந்த நான்கு சகோதரிகள். கணவர்கள் யாரும் கூட வரவில்லை. வேனிலிருந்து இறங்கும்போதே நால்வரும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். மூத்தவர் மட்டும் இறங்கியதும் கூடாரத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், அடுப்புக்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

நண்பர் என் காதோரம் வந்தார்.

"அந்த அம்மா கையிலதான் அவங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பே இருக்கு. பெங்களூரு, பம்பாய்னு ஏகப்பட்ட குடும்பம். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை போட்டாங்கன்னா பொங்கல் வரைக்கும் நமக்குக் கவலை இல்ல. நல்லால்லன்னு போட்டா, கூடாரத்த மடிச்சுட்டு மறுபடியும் விசாவுக்கு அலைய வேண்டியதுதான்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகம் சட்டென்று மாறிவிட்டது. இத்தனை வருடம் தனியாகப் பிள்ளைகளை வளர்த்து, அத்தனை பெருநாட்களையும் போனில் கொண்டாடியவர் அவர். "விசான்னு ஒரு வார்த்தை என் காதுல விழக்கூடாது மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

மூத்த சகோதரி அடுப்பருகே வந்தார். "பாய், தப்பா நெனச்சுக்காதீங்கோ. நாங்க எங்க கையால பண்ணித்தான் சாப்பிடறது வழக்கம். ராத்திரிக்குப் பொங்கல் பண்ணிக்கறோம். இப்போ காபி ஆகணும். நாலு மணிக்குக் காபி இல்லேன்னா எனக்கு மண்டையிடி வந்துடும்."

நண்பர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவர்தாங்க நம்ம நெருப்பு எக்ஸ்பர்ட்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றிலும் புல்லைச் செதுக்கி மணல் கொட்டியிருந்தோம், பக்கத்தில் தண்ணீர் வாளி. அடுப்புக்குள் சுள்ளி அடுக்கி, நடுவில் ஜீயபுரத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வாழைச்சருகையும் தென்னை நாரையும் வைத்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து, படித்த முறைப்படியே உரசினேன். பொறி வந்தது. நாரில் விழுந்தது. அணைந்தது. மறுபடி உரசினேன், மறுபடி அணைந்தது.

மலையேறும்போது துறையூர் தாண்டியதும் பிடித்த தூறலில் நாரும் சருகும் ஈரம் குடித்திருந்தன. அந்த ஈரத்தை மீறிப் பற்ற வைக்கப் பெரிய பொறி வேண்டும். என் கம்பியிலிருந்து வந்தவையோ கடுகு கடுகாக வந்தன. வருடக்கணக்கில் உழைக்கும் கம்பி, அன்றைக்கு ஒரு டம்ளர் பாலைச் சுடவைக்க மறுத்தது.

நண்பர் வாங்கி உரசினார். கூடாரத்துக்கு ஒன்றாக வைத்திருந்த மற்ற கம்பிகளையும் எடுத்து வந்தார். எல்லாம் ஒரே வகைதானே! கடைசியில் மானத்தைப் பார்க்காமல் வேன் டிரைவரிடம் லைட்டர் வாங்கினோம். ஆடிக்காற்று அதைப் பற்றவே விடவில்லை. ஒரு தீப்பெட்டி கிடைத்தது. ஈரத்தில் குச்சியின் தலை மாவாக உதிர்ந்தது.

"அக்கா, பொறந்ததுலேர்ந்து நீ காபிக்குக் காத்திண்டிருந்து நான் பார்த்ததே இல்லை" என்றார் கடைசித் தங்கை. "இதுக்கே இவாளுக்குத் தனியாக் காசு குடுக்கலாம்."

மூத்தவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். நண்பரின் கண் அந்தப் போனையே பார்த்தது. "கீழ நிலத்துக்காரங்க வீட்டுல கங்கு வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார்.

"முதல் நாளே அடுத்த வீட்டு நெருப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி விடுவிடுவென்று தங்கள் கூடாரத்துக்குள் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு தலையணை இருந்தது. வந்த வேகத்தில் அதன் ஓரத் தையலைப் பல்லால் கடித்து இழுத்தார்.

நண்பர் பதறிவிட்டார். "அடியே, உங்கம்மா வீட்டுத் தலகாணிடி அது! அது இல்லாம உனக்குத் தூக்கமே வராதே!"

"நீங்க மறுபடி பிளேன் ஏறுனா மட்டும் தூக்கம் வருமா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளிருந்து ஒரு பிடி இலவம்பஞ்சை உருவினார். வெள்ளையாக, காய்ந்து, பட்டு மாதிரி இருந்தது. "அண்ணே, ஊதுபத்திப் பொறி பட்டாலே இது குப்புனு பிடிச்சுக்கும். ஒரு மெத்தையே எங்க வீட்டுல போயிருக்கு. இதுல உரசுங்க."

உரசினேன். கடுகளவு பொறிதான் விழுந்தது. பஞ்சு குப்பென்று பற்றியது. எல்லாரும் "ஹா!" என்றார்கள். அந்த "ஹா" முடிவதற்குள் பஞ்சு எரிந்தே போய்விட்டது. நார் பழையபடி ஈரமாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மூத்தவர் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"பஞ்சை இப்படிக் குடுங்கோ. ஏண்டி, பொங்கலுக்குக் கொண்டுவந்த நெய் எங்கே?"

நெய் வந்தது. தினமும் விளக்குக்குத் திரி திரிக்கிற கை அது. இலவம்பஞ்சு வழுக்கும், அவ்வளவு எளிதில் திரியாது. அவர் தொடையில் வைத்து, நெய் தொட்டுத் தொட்டுத் தடிமனாக ஒரு திரி உருட்டினார். ஒரு முனையை மட்டும் நெய் படாமல் பூவாகப் பிரித்து விட்டார். "பொறி இந்தப் பூவுல விழட்டும். நின்னு எரியறதை நெய் பாத்துக்கும்." திரும்பி, "நீங்க மூணு பேரும் வேடிக்கை பார்க்கவா வந்தேள்? காத்துக்கு முதுகைக் காட்டிண்டு உக்காருங்கோ" என்றார்.

தங்கைகள் மூவரும் கூடாரத்தின் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஒரு சுவராகிவிட்டார்கள். நண்பரின் மனைவி ஈர நாரை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சாக்கினார். நான் உரசினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை உரசினேன். பூ பற்றியது. திரி பற்றியது. நெய்யைக் குடித்துக்கொண்டு சுடர் நின்றது. நார் புகைந்தது, சருகு சுருண்டது, ஒரு சுள்ளி படபடவென்று வெடித்தது.

நண்பர் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியதும், மூத்தவர் "ரங்கா!" என்றதும் ஒரே நேரத்தில் கேட்டன. கடைசித் தங்கை தார்ப்பாயை விட்டுவிட்டுக் கைதட்டப் போக, "சுவர் நகரக்கூடாது!" என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை அதட்டினோம். அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்கும் பிடித்துக்கொண்டது. கண்ணில் புகை நீரா, சிரித்த நீரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆளாளுக்குத் துடைத்துக்கொண்டோம்.

பால் பொங்கியது. பிளாஸ்கிலிருந்து டிகாக்ஷனை ஊற்றி, நுரை வர ஆற்றி, முதல் டம்ளரை மூத்தவர் நண்பரின் மனைவியிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க குடிங்கோ. தலகாணி உங்களோடதாச்சே!"

"உங்களுக்குத்தானம்மா மண்டையிடி..."

"அது அப்பவே போயிடுத்து."

இரவுப் பொங்கலுக்கு அடுப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கல் அடுப்பு கூட்டி, இந்த முறை யார் பற்ற வைப்பது என்று நான்கு பேருக்குள் சண்டை. மறுநாள் காலைக்குள் தலையணை பாதியாகிவிட்டது. நண்பரின் மனைவி மிச்சத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியதாகவே சொன்னார்.

மலையிறங்கி, வீடு போய்ச் சேர்ந்ததும் மூத்தவர் தன் குழுவில் போட்ட குரல்பதிவை அன்று மாலையே நண்பருக்கும் அனுப்பிவைத்தார். "வசதி சுமார்தான். குழாயில தண்ணி நூலாட்டம் வரது. ஆனா எல்லாரும் கட்டாயம் போகணும். போறவா நெய் எடுத்துண்டு போங்கோ" என்று தொடங்கி வெகுநேரம் போனது அது. நண்பர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்த வாரமே போன் வர ஆரம்பித்தது. வீட்டில் இப்போது விசா என்ற பேச்சே இல்லை.

நானும் புதுக் கம்பிகள் வாங்கிக் கொடுத்தேன். மென்மையான வகை, கட்டைவிரல் தடிமன், உரசினால் வாணம் மாதிரி கொட்டுகிறது. சீக்கிரம் தேயும், தேயட்டும். கூடவே ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு டப்பாவில் இலவம்பஞ்சும் வைக்கிறார்கள். இந்த முறை மொட்டை மாடியில் துணியை எடுக்கச் சொல்லிவிட்டு, காற்றில், ஈர நாரில், நெருப்பு மூட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆனாலும் என் தவறான தேர்வை நினைத்து எனக்கு வருத்தம் வருவதில்லை. அன்று என் கம்பி முதல் உரசலிலேயே பற்றியிருந்தால், நான்கு பேர் காபி குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போயிருப்பார்கள். பற்றாமல் போனதால்தான், அத்தனை பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒரு சுடருக்காக ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்குக் கிடைத்தன.