வாயில் வைத்த ட்ரம்பெட்

எங்கள் பாண்ட் குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். வேலை முடிந்து கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டிலில் கூடி வாசித்துப் பழகுவோம். கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று யார் கூப்பிட்டாலும் போவோம். நான் தலைவன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். சுருதி பிசகினால் ஆள் பார்க்கமாட்டேன்.

முதல் ட்ரம்பெட் என் கூட்டாளி, சாம்பல்தீவுக்காரன். இரண்டாவது நான். ஒருநாள் இறங்குதுறையில் கப்பல் கயிறு அறுந்து அடித்ததில் அவனுக்கு முன்பற்கள் நான்கும் போய்விட்டன. பல் இல்லாவிட்டால் ட்ரம்பெட்டில் உதடு நிற்காது. அடுத்த மாதம் மாதா கோயில் ஊர்வலம். ஒத்திகையில் அவனிடமிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்:

"மச்சான், சும்மா வாயில வைச்சுக்கொண்டு நட. ஊதாதை."

அவன் தலையாட்டினான். ஊர்வலம் முழுக்க அவனுடைய விரல்கள் மட்டும் அசைந்தன. அவன் பகுதியை நானே ஊதினேன். சனம் கைதட்டியது.

பிறகு அவன் கட்டுப்பல் வைத்தான். அதை நான் பார்த்தேன். ஆனால் முதல் இடம் எனக்கு இனித்துவிட்டது, அதுதான் உண்மை. இனி ஊது என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஏழெட்டு வருடம் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, விரலை அசைத்துவிட்டுப் போனான்.

இந்த வருடம் அவன் செத்துப்போனான். குழுவில் யார் இறந்தாலும் அவருடைய வாத்தியத்தை ஒருவர் வாசித்துக்கொண்டு சுடலைவரை முன்னால் போவது எங்கள் வழக்கம். அவனுடைய ட்ரம்பெட்டை வாங்கிவர அவன் வீட்டுக்குப் போனேன். மகள் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தாள். எண்ணெய் போட்டிருந்தது; விரலை வைத்ததும் கட்டைகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. இது பாவிக்கிற வாத்தியம் போலிருக்கிறதே என்றேன்.

"ஓம் மாமா, அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கிறவர். வடிவா வாசிப்பார். பாண்டில ஏன் ஊதிறேல்லை எண்டு கேட்டனான். தலைவர் இன்னும் சொல்லேல்லை எண்டவர்."

பாடைக்கு முன்னால் நின்று ட்ரம்பெட்டைத் தூக்கினேன். உதடு நிற்கவில்லை. காற்றுத்தான் வந்தது. திரும்ப ஊதினேன், அப்போதும் காற்றுத்தான். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் என்னை ஊதவேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குச் சத்தம் வரும்வரை வெயிலில் காத்து நின்றார்கள்.