முடிச்சை யார் அவிழ்த்தது

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், தொகுப்பாளினி, கேமராவோடு இரண்டு பேர், எல்லோரும் "டைரக்டர் சார்" என்று கூப்பிட்ட ஒருவர், பெட்டி தூக்க வந்த நாலு பேர். இல்லாதவர்கள் இரண்டு பேர். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் அப்பா அறுப்பு மிஷின் ஓட்டப் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தார். அம்மாவை அவர்களே ஒரு காரில் ஏற்றித் தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரி வெளியே இருக்க வேண்டும் என்பது வீட்டை ஒழுங்குபடுத்திக் காட்டும் அந்த டிவி நிகழ்ச்சியின் விதி. அப்போதுதான் திரும்பி வரும்போது முகத்தில் அதிர்ச்சி தெரியுமாம்.

யாருடைய பொருளோ அவள் இல்லாத வீட்டில், அந்தப் பொருளை என்ன செய்வது என்று ஒன்பது பேர் முடிவெடுத்தோம்.

அம்மா பழைய துணிகளை வெட்டி ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பவள். திருவையாற்றைச் சுற்றி ஏழெட்டு ஊர்களிலிருந்து அவளிடம் துணி வரும். புதுத் துணியில் தைக்கமாட்டாள். அந்தந்த வீட்டுத் துணியில்தான் அந்தந்த வீட்டுப் போர்வை. கொண்டுவந்த துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கூடத்துச் சுவரோரம் அடுக்கிவைப்பாள். மேலே சுற்றியிருக்கும் துணி, அது யார் வீடு என்று சொல்லும். முடிச்சு, எதற்கு என்று சொல்லும். ஒரு முடிச்சு என்றால் பிறந்த குழந்தைக்கு. இரண்டு முடிச்சு என்றால் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு. மூன்று முடிச்சு என்றால் செத்துப்போனவரின் துணி. மூன்று முடிச்சுத் துணியில் ஒரு நூல்கூட ஒரு முடிச்சு மூட்டையில் கலக்கக் கூடாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய நோட்டுப்புத்தகம் அந்த முடிச்சுகள்தான்.

இருபத்து மூன்று வருஷம் அந்தக் கூடத்தில் படுத்து எழுந்த எனக்கு இது தெரியாது. மேல் துணியைப் பார்த்து வீட்டைச் சொல்வாள் என்பது மட்டும் தெரியும். முடிச்சை நான் கவனித்ததே இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, தஞ்சாவூரில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்து மூட்டையில் கால் இடறி, "ஜவுளிக்கடை வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன். மறுநாளே கூடத்தை போனில் படம் பிடித்து அந்த டிவி நிகழ்ச்சிக்கு அனுப்பினேன்.

அவர்கள் வந்ததும் டைரக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். குப்பையாக இருந்ததால் அல்ல. போதுமான அளவு குப்பையாக இல்லை என்பதால்.

"சார், இது அடுக்கி வச்ச மாதிரி இருக்கே. 'முன்னாடி' ஷாட்டுக்கு இது பத்தாது. கொஞ்சம் கலைச்சு விடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"கலைச்சா அப்புறம்..."

"அதான் நாங்க அடுக்கித் தரப்போறோமே."

முதல் மூட்டையை நான்தான் அவிழ்த்தேன். எத்தனை முடிச்சு என்றுகூடப் பார்க்கவில்லை. மீதிப் பத்தையும் பெட்டி தூக்குபவர்கள் அவிழ்த்துக் கூடம் முழுக்க வாரி இறைத்தார்கள். அதன் நடுவில் தொகுப்பாளினி கன்னத்தில் கைவைத்து நின்று கேமராவிடம் சொன்னார்: "இந்த அம்மா எப்படித்தான் இதுக்குள்ள வாழ்றாங்களோ." அம்மா அதற்குள் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அந்தக் குப்பையைச் செய்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா தொடாத பொருள் வீட்ல இருக்கக் கூடாது. இதுதான் ரூல். ஓகேவா?"

ஓகே என்று தலையாட்டினேன். விதைநெல்லையும்தான் விதைக்கும் நாள்வரை யாரும் தொடுவதில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னத்தைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று வருகிறது. யாரிடம் கேட்பது?

பதினோரு வீட்டுத் துணியையும் நிறம் பார்த்துப் பிரித்தார்கள். சிவப்பு ஒரு பெட்டி, பச்சை ஒரு பெட்டி, மஞ்சள் ஒரு பெட்டி. விளம்பரக் கம்பெனி கொடுத்த கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டிகள். வெளுத்த துணியையெல்லாம் சாக்கில் அமுக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவன் என்ற பெருமையில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அம்மாவின் கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிவந்து கட்டை அவிழ்த்தார்கள். இரண்டு கேமராவும் அவள் முகத்தில் இருந்தன. அவள் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு மூட்டைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"முடிச்ச யாரு அவுத்தா?" என்றாள்.

தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் கேமராக்காரருக்குக் காட்டினார்.

அவர்கள் போன பிறகுதான் மூன்று முடிச்சு மூட்டையைப் பற்றிச் சொன்னாள். பாபநாசத்திலிருந்து ஒரு பாய் வீட்டுப் பெண் கொண்டுவந்தது. அவள் புருஷன் வளைகுடாவில் டிரைவர். அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். ஊருக்கு வந்தது அவருடைய பெட்டி மட்டும். அதிலிருந்த ஐந்து சட்டை, இரண்டு கைலி. பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து போர்த்திக்கொள்ள ஒரே போர்வையாகக் கேட்டிருந்தாள். எல்லாம் போட்டுப் போட்டு வெளுத்த துணி. எல்லாம் சாக்கில் போய்விட்டது.

மறுநாள் பெட்டி தூக்கியவர்களிடம் விசாரித்து, நானும் அம்மாவும் ஒரு லோடு ஆட்டோ பிடித்துத் தஞ்சாவூரில் அந்தச் சாக்குகள் இறங்கிய வேஸ்ட் துணிக் குடோனுக்குப் போனோம். குடோன்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எண்ணெ தொடைக்கிற துணிம்மா இது. இதுக்கா பஸ் மாதிரி ஆட்டோ எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"என் துணிய குடுத்துட்டு நீங்க எத வச்சு வேணாலும் தொடைங்கண்ணே."

"நான் காசு குடுத்துல்ல எடுத்திருக்கேன். கிலோ அம்பத்தஞ்சு."

"வாங்குனதும் அம்பத்தஞ்சா?" என்று கேட்டேன்.

"தம்பி படிச்ச பிள்ள போலருக்கு" என்றார் அவர், அம்மாவைப் பார்த்து. "வாங்குறது ஒரு ரேட்டு, விக்கிறது ஒரு ரேட்டு. புஸ்தகத்துல போட்டிருக்குமே."

முப்பத்தெட்டு கிலோ. எங்கள் வீட்டிலிருந்து போன துணியை நாங்களே விலைக்கு வாங்கினோம். அங்கேயே கொட்டித் தேடியதில் நாலு சட்டையும் இரண்டு கைலியும் கிடைத்தன. ஐந்தாவது சட்டை இல்லை. ஒரு சாக்கைக் காலையிலேயே ஒரு லாரிப் பட்டறைக்கு விற்றுவிட்டாராம். பட்டறைக்குப் போனோம். நீலக் கட்டம் போட்ட சட்டை. கையளவுத் துண்டுகளாக வெட்டியிருந்தார்கள். கிரீஸ் ஏறிப் போயிருந்தது. அம்மா அதில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள்.

பெட்டித் துணிகளையும் மீட்டுவந்த துணிகளையும் பிரிக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு வீடு அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஒற்றை முடிச்சு மூட்டைகளை மட்டும் அம்மா தைக்க மறுத்தாள். அந்த வீட்டுப் பெண்கள், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, தைங்கக்கா" என்றுதான் சொன்னார்கள். "ஒரு நூலு கலந்திருந்தாலும் பிள்ள மேல போடமாட்டேன்" என்று சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடையில் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

நிகழ்ச்சி டிவியில் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுகிறாள். பின்னால் புல்லாங்குழல். கீழே எழுத்து: 'ஆனந்தக் கண்ணீர்'. அவள் கேட்ட கேள்வியை வெட்டிவிட்டார்கள். தெருவில் ஒரு பெண் வாசலில் நின்று, "டிவிக்காரவொளுக்கே அழுது காட்டிட்டியேக்கா, நாங்கல்லாம் எம்மாத்திரம்" என்றாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான் டைரக்டருக்கு போன் செய்தேன். "எபிசோட் நல்லாப் போயிருக்கு சார், அம்மா ரியாக்‌ஷன் செம" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க. படிச்சவங்கதானே சார்" என்றார்.

பாபநாசத்துப் பெண் வந்தபோது அம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவள் சட்டைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"நீலக் கட்டம்தான் அவுங்க கடைசியா போட்டு போட்டோ அனுப்புனது" என்றாள்.

"நான் இல்லாதப்ப நடந்துபோச்சு தங்கச்சி. இருக்கிறத வச்சு நல்லா தச்சுத் தரேன்."

"பரவால்லக்கா. இப்ப வேணாம்."

நாலு சட்டையையும் கைலிகளையும் மடித்து ஒரு கடைப் பையில் வைத்துக்கொண்டாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. பஸ் ஏறும்வரை அம்மா அவள் கூடவே போனாள். திரும்பி வந்து, "மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டாள்.

குடோனுக்கு இரண்டாயிரத்துத் தொண்ணூறு. ஆட்டோவுக்கு அறுநூறு. மூன்று குழந்தைகளுக்குப் புதுத் துணி மூவாயிரத்து நானூறு. கூட்டி, ஆறாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் என்று சொன்னேன். நீலக் கட்டம் போட்ட சட்டைக்கு எதுவும் போடவில்லை.