பூசிய செம்மண்

இந்த இங்கிலாந்துச் சிறுநகரின் சனிக்கிழமைச் சந்தையில் மண் ஒட்டிய உருளைக்கிழங்குக்குத்தான் விலை அதிகம், கழுவியது மலிவு. போன வாரம் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து, "இது உண்மையிலேயே இந்த ஊர் மண்ணா?" என்று விற்கிற பெண்ணிடம் கேட்டேன். அழுக்கைக் குறை சொல்வதாக எண்ணிவிட்டாள் போலும். "வேண்டுமானால் கழுவித் தருகிறேன்" என்றாள். கிழங்கைத் திரும்ப வைத்தேன். வாங்காமலே நடந்துவிட்டேன்.

இங்கே வருமுன் இலங்கையில், கண்டிச் சந்தையில் எனக்குக் கிழங்குக் கடை இருந்தது. ஒரு வருடம், மலையில் அறுவடை தொடங்கும் நேரமாகப் பார்த்து, இறக்குமதிக் கிழங்குக்கான வரியை அரசாங்கம் குறைத்தது. நான் மகிழ்ந்தேன். கால் கிலோ வாங்கும் ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் அரைக் கிலோ கேட்டார்கள். வரி என்பது ஏழையின் சோற்றில் கை வைப்பது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசினேன். அதில் பொய்யில்லை. ஆனால் ருசிக்காக மலைநாட்டுக் கிழங்கைத் தேடி, கூட விலை கொடுப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக, கப்பலில் வந்த கிழங்கில் செம்மண்ணைக் குழைத்துப் பூசி, நுவரெலியாக் கிழங்கு என்று விற்றேன்.

புசல்லாவைப் பக்கம் குத்தகை நிலத்தில் பயிர் செய்த செல்வமணி, வழக்கம்போல லொறியில் கிழங்கு மூடைகளோடு வந்திறங்கினாள்.

"நம்ம ஊர்க் கெழங்கே நெறைய கெடக்குதும்மா. இப்ப வேணாம்" என்றேன்.

அவள் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். மண் மாவாய் உதிர்ந்தது.

"வரியக் கொறச்சது கவர்மெண்டு. அதுக்கு ஒங்களக் கொற சொல்ல மாட்டேன் அண்ணே. இந்த மண்ண அப்புனது யாரு?"

தராசைத் துடைத்தேன். வந்த லொறியிலேயே மூடைகளைத் திருப்பி ஏற்றினாள். அடுத்த போகம் அவள் விதைக்கவில்லை. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வரி இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாளா, லயத்துப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள் என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அப்பியது என் கை என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே நான் வேலை செய்வது ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில். வெளிநாட்டுக் கையுறைகளுக்கு வரியைக் கூட்டச் சொல்லும் மனு ஒன்று இந்த வாரம் சுற்றுக்கு வந்தது. எங்கள் வேலையை அதுதான் காப்பாற்றும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்று மதிய இடைவேளையில் கண்டியிலிருந்து தங்கை மகள் அழைத்தாள். அவளுக்கு அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"செய்றதெல்லாம் ஒங்க நாட்டுக்குத்தான் போகுது மாமா" என்றாள்.

எந்த நாட்டைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. "நல்லதும்மா" என்றேன்.